விரதம் என்று சொல்லித் தின்ற மருந்து

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீரா?” அதற்கு உள்ளதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளில் நான் செத்துப் போயிருக்கலாம். சாகாமல் தப்பித்ததில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை எல்லோரும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல வழியில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தேன். கோவில்பட்டியில் கிளம்பி எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகக் குளத்தூர் போய்த் திரும்புகிற வண்டி. கண்டக்டர் வேலைக்குத் தொண்டை வேண்டும், கால் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே விரல் வேண்டும். எனக்கு அந்த விரல்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதலில் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வண்டி எடுத்து ஒரு நடை போய் வருவதற்குள் சரியாகிவிடும். பிறகு மதியம் வரைக்கும் மடங்கவில்லை. கணுக்கள் சிவந்து, பிதுங்கி, தொட்டால் சுட்டன. டிக்கெட்டைக் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்துக் கிழிக்க ஆரம்பித்தேன். எட்டயபுரத்தில் ஏறிய ஒரு அம்மாள், “ஏ கண்டக்டரு, என்ன நாய் கடிச்ச டிக்கெட்டத் தாரீரு?” என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கோவில்பட்டி டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். வாதத்தில் ஒரு வகை என்றார். நம் உடம்புக்குள் நோயை எதிர்த்துச் சண்டை போட ஒரு காவல் இருக்கிறதாம். அந்தக் காவல் ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டுகளையே போட்டு அடிக்குமாம். அதுதான் வீக்கம். அவர் கொடுத்த மாத்திரை வலியைக் குறைத்தது, வயிற்றை எரித்தது. ஒரு மாதத்தில் நானாகவே நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் மருந்துக்கார அண்ணாச்சி வந்தார். வாரம் ஒருமுறை குளத்தூரில் ஏறுவார். காக்கிப் பை, தகர டப்பாக்கள், சுத்தமான வெள்ளைச் சட்டை. நான் சில்லறை கொடுக்கத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, “கைய இங்கன நீட்டும்” என்றார். விரல் கணுவை அமுக்கிப் பார்த்தார். எனக்கு உயிர் போயிற்று.

“மூட்டுக்குள்ள நெருப்பு இருக்குவே. இத அணைக்க ஒரே வேருதான். பறங்கிப்பட்டை. சீன தேசத்துல இருந்து கப்பல்ல வந்த வேரு. அங்க உள்ளவன் தலைமுறை தலைமுறையா வீக்கத்துக்கு இதத்தான் காய்ச்சிக் குடிக்கான்.”

பெயரைக் கேட்டதும் நான் கையை இழுத்துக்கொண்டேன். பறங்கிப்பட்டை என்றால் எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு ஒரே அர்த்தம்தான். பஸ் ஸ்டாண்டில் மூத்திரம் பெய்கிற சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் அந்தப் பெயர் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் ‘இரகசிய நோய்களுக்கு’ என்று இருக்கும். பொம்பளைச் சீக்கு வந்தவன் தின்கிற மருந்து. அதையும் ஒரு கண்டக்டர் தின்கிறான் என்றால் கேட்கவே வேண்டாம். கண்டக்டருக்கு ஸ்டாப்புக்கு ஒரு வீடு இருக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு எந்த ஸ்டாப்பிலும் வீடு கிடையாது. ஆனால் அந்தக் கேலியை யார் பேசினாலும் நான் இல்லை என்று சொன்னதில்லை. சிரித்துக்கொண்டு மீசையைத் தடவியிருக்கிறேன். என் மனைவி கோமதி பக்கத்தில் நிற்கும்போதுகூடத் தடவியிருக்கிறேன்.

“அண்ணாச்சி, அது வேற சீக்குக்குள்ள மருந்துல்லா?” என்று காதோடு கேட்டேன்.

“எல்லாத்துக்கும்தான். பொடியாத் தாரேன். வெளிய சொல்லாதேயும், அவ்வளவுதான். ஒரு மண்டலம் பத்தியம். புளி ஆகாது, கவிச்சி ஆகாது, பொஞ்சாதி ஆகாது. புளியும் இந்தப் பொடியும் வயித்துல சேந்தா வெசம், பாத்துக்கிடும்.”

மருந்தை ஒளித்துவிடலாம். பத்தியத்தை எப்படி ஒளிப்பது? புளி இல்லாமல் சோறு கேட்டால் ஏன் என்று கேட்பாள். கருவாட்டைத் தள்ளி வைத்தால் கேட்பாள். பாயைத் தனியாக விரித்தால் கேட்காமலே எதையாவது நினைத்துக்கொள்வாள். குளத்தூரிலிருந்து கோவில்பட்டி வருகிற வரைக்கும் யோசித்தேன். ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போது யோசனை உதித்தது. அன்று அதை ரொம்பப் பெரிய யோசனை என்று நினைத்தேன்.

“கோமதி, கழுகுமலை முருகனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருக்கலாம்னு பாக்கேன். கை சரியாகணும்னுட்டு.”

அவள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். அப்போதுதான் வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் நான் கோயிலுக்குப் போனதெல்லாம் அவள் இழுத்துப் போனதுதான். அவள் கண் கலங்கிவிட்டது.

“நெசமாவா சொல்லுதீங்க? நீங்க இருந்தா நானும் இருக்கேன். ஒரு அடுப்புல ரெண்டு சமையல் எதுக்கு?”

சரி என்றேன். அவளும் புளியை விட்டாள், கருவாட்டை விட்டாள். காலையில் குளித்துவிட்டு எனக்கு விபூதி பூசிவிட்டாள். நான் அந்த விபூதியோடு வண்டியில் ஏறி, விளாத்திகுளத்தில் டீக்கடைப் பாலை வாங்கி, டூல்ஸ் பெட்டிக்குள் வைத்திருந்த பொடியைக் கலக்கிக் குடித்தேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. கசந்தால்தான் மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விரல் மடங்கியது. ஒரு வாரத்தில் வீக்கம் இருந்த இடம் தெரியவில்லை. நான் குளத்தூர் ஸ்டாப்பில் அண்ணாச்சியின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். கோமதி வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். ஒரு மண்டலம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. பசி பசியாகப் பசித்தது. முகம் உருண்டு திரண்டு கன்னம் பளபளத்தது. “விரதக் களை மூஞ்சில தெரியுது” என்று தெருவே சொன்னது. கோமதி அதைக் கேட்டுப் பூரித்துப் போனாள். தீப்பெட்டி ஆபீசில் கூட வேலை செய்கிற பெண்களிடமெல்லாம் அவள் சொன்னதில், நாலைந்து பேர் தங்கள் வீட்டுக்காரருக்காக விரதம் தொடங்கியிருந்தார்கள்.

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுத்து விரதத்தை முடிப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்குச் செருப்பில்லாமல் நடந்தோம். வெயில் ஏற ஏறத் தார் உருகி ஒட்டியது. ரோட்டை விட்டு இறங்கினால் கரிசல் கட்டி குத்தியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, உடம்பில் அப்படி ஒரு தெம்பு. அவளுக்கு இரண்டு உள்ளங்காலும் கொப்புளித்துவிட்டது. கோயில் வாசலில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். “ஒங்க கைக்கு என் காலக் குடுத்திருக்கேன். போகட்டும்” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

விரதம் முடிந்தது என்று மறுநாள் புளிக்குழம்பு வைத்தாள். புளியும் பொடியும் சேர்ந்தால் விஷம் என்று அண்ணாச்சி சொன்னது நினைவில் இருந்தது. கையும்தான் குணமாகிவிட்டதே. அன்றோடு பொடியை நிறுத்தினேன்.

நான்காம் நாள் காலையில் எழுந்ததும் தலை சுற்றியது. வாந்தி. எட்டயபுரம் தாண்டுவதற்குள் கண் இருட்டி, ஒரு பயணியின் மடியில் போய் விழுந்தேன். டிரைவர் வண்டியை அப்படியே திருப்பினார். குளத்தூருக்கு டிக்கெட் வாங்கின சனம் மொத்தமும், ஒருத்தர்கூட முணுமுணுக்காமல், என்னோடு கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே யாரும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

ரத்த அழுத்தம் அதல பாதாளத்தில் இருந்தது. கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி. கோமதி கட்டிலுக்குத் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கோமதி பதில் சொன்னாள்.

“அவிய எந்த மருந்தும் திங்கல டாக்டரய்யா. கைவலிக்குக் குடுத்த மாத்திரையக்கூட எப்பவோ நிறுத்திட்டாவ. கழுகுமலையானுக்கு மூணு மண்டலம் விரதம்லா இருந்தாவ. அதுலயே சரியாயிட்டு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் நடந்த பரிசோதனைகளெல்லாம் அந்த ஒரு தலையாட்டலால் வந்த வினை. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். காமாலையோ என்று பார்த்தார்கள், டைபாய்டோ என்று பார்த்தார்கள். ஒவ்வொரு தாளும் ஒன்றுமில்லை என்று வந்தது. நான் மட்டும் கரைந்துகொண்டே போனேன். தலையைத் தூக்கினால் கட்டில் சுழன்றது. வயிற்றில் ஒரு வலி ஆரம்பித்து நாளுக்கு நாள் இறுகியது. கோமதி ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “முருகா, விரதத்துல ஏதும் குத்தம் நடந்துபோச்சா? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா?” என்று முணுமுணுத்தாள். அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தேன். குற்றத்தைத் தன்னிடத்திலேயே தேடிக்கொண்டிருந்தாள் பாவம்.

சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். உடனே பறங்கிப்பட்டை என்ற அந்தப் பெயர் தொண்டையில் வந்து நிற்கும். பக்கத்தில் ஆறு கட்டில். ஆறு கட்டிலிலும் காது. தவிர, ஒரு வேர்தானே, அதுவும் நிறுத்தியாகிவிட்டதே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செத்தாலும் மானத்தோடு சாகலாம் என்றுகூட நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், திறந்து பார்த்துவிடுவதுதான் நல்லது என்றார். வயிற்றைச் சிரைக்க நாவிதர் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் கோமதியிடம், உயிருக்கு எது நேர்ந்தாலும் சம்மதம் என்று எழுதியிருந்த தாளைக் காட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுத்துக் கூட்டித்தான் பேர் எழுதுவாள். ‘கோ’ போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் பேனாவைத் தூக்கியது திரை விலகின இடுக்கில் தெரிந்தது.

“சிஸ்டர்” என்றேன். நர்ஸ் குனிந்தார். “நான் ஒரு பொடி சாப்பிட்டேன். அஞ்சு மாசம்.”

“என்ன பொடி?”

“பறங்கிப்பட்டை.”

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. “கைவீக்கத்துக்குத்தான் சிஸ்டர். சத்தியமா வேற எதுக்கும் இல்ல. என் வீட்டுக்காரிக்குத் தெரியாம டாக்டர்ட்ட மட்டும் சொல்லுங்க.”

“ஓய், ஒம்ம வயித்தக் கிழிக்கப் போறாவ. இப்பமும் ஒமக்கு இதுதான் கவலையா?” என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

டாக்டர் வேகமாக வந்தார். என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மூன்று நாளாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அதுதான் என் இயல்பான முகம் என்று நினைத்திருக்கிறார். “இந்த மொகம் எப்பவுமே இப்படியா? இல்ல அஞ்சு மாசத்துல வந்துதா?” என்று கோமதியிடம் கேட்டார்.

“விரதத்துல வந்த களை அய்யா” என்றாள் கோமதி.

ஆள் அனுப்பிச் சொன்னதும் டிரைவர் டூல்ஸ் பெட்டியிலிருந்து மிச்சப் பொடியைக் கொண்டு வந்து கொடுத்தார். டாக்டர் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துத் துப்பினார். “பறங்கிப்பட்டை இப்படிக் கசக்காது. இதுல மாத்திரையப் பொடிச்சுக் கலந்திருக்கான்” என்றார். உடனே ஒரு ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் ஏறியது. சாயந்திரம் நான் பசிக்கிறது என்றேன். வயிற்றைக் கிழிக்கவில்லை.

டாக்டர் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பு அடிபட்டால், காய்ச்சல் வந்தால் தாங்குவதற்கான சரக்கை அவைதான் சுரக்கின்றன. அதே சரக்கைச் செயற்கையாகச் செய்த மாத்திரைக்கு ஸ்டீராய்டு என்று பேர். எந்த வீக்கத்தையும் சட்டென்று வற்ற வைக்கும். மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சொந்தச் சுரப்பி நமக்கு இனி வேலையில்லை என்று தூங்கிவிடும். ஒரு ரூட்டில் ஸ்பேர் வண்டியே ஓடிக்கொண்டிருந்தால் சொந்த வண்டியை ஷெட்டில் போட்டுவிடுவார்கள். ஸ்பேர் வண்டி ஒருநாள் சொல்லாமல் நின்றுபோனால், ஷெட்டில் கிடக்கிற வண்டி உடனே கிளம்பாது. அன்றைக்கு ரூட்டில் வண்டியே இருக்காது. நான் பொடியை நிறுத்தியபோது என் உடம்பில் நடந்தது அதுதான். களை என்று தெரு கொண்டாடிய முகமும் அந்த மாத்திரை போட்ட வீக்கம்தான்.

“அப்ப அந்த வேரு பொய்யா டாக்டர்?”

“வேர நான் குத்தம் சொல்லல. சீனாவுல ரொம்பக் காலமா குடுக்கதா எழுதியிருக்கு. நம்ம சித்த வைத்தியத்துலயும் இருக்கு. மெல்ல மெல்ல வீக்கத்த வத்த வைக்குத குணம் அதுல இருந்தாலும் இருக்கும். ஒழுங்கா சோதிச்சுப் பாக்காம நான் எப்படிச் சொல்ல? ஆனா மூணு நாள்ல விரல மடக்குனது வேரு இல்லய்யா.” குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். “இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதுதேன். அந்த வேர வேற எதுக்குத் திம்பாங்கன்னு ஒமக்கே தெரியும். நீரு ஒண்ண மறைச்ச ஆளு. ரெண்டாவது ஒண்ணயும் மறைச்சிருக்கலாம்லா. வீட்டம்மாவுக்கும் எடுக்கணும்.”

அவர் குரலை இறக்கி என்ன பயன்? கோமதி அங்கேதான் நின்றாள். பக்கத்துக் கட்டில்களும் அங்கேதான் இருந்தன. எதற்கான பரிசோதனை என்று நர்ஸ் அவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, கையை நீட்டினாள். ரத்தம் எடுக்கிறவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்தினார். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ரத்தத்தைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். ரத்தம் எடுத்த நாளுக்கு முன்பு வரை பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கோமதிக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பாள், தலை வாரிவிடுவாள். அன்றையிலிருந்து எங்கள் தம்ளரைத் தன் தம்ளரோடு சேராமல் தள்ளி வைத்தாள். குழாயடியில் கோமதி கை கழுவிய இடத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவினாள். கோமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் செய்த காரியத்துக்கு அவளுக்குத் தண்டனை.

“கோமதி, அது கைக்குத்தான்…” என்று நான் ஆரம்பித்தேன்.

“டாக்டரு ஒங்கள எந்திரிச்சு ஒக்காரச் சொல்லியிருக்காவ. ஒக்காருங்க.”

மறுநாளும் ஆரம்பித்தேன். “துணி காயப் போட்டுட்டு வாரேன்” என்று எழுந்து போய்விட்டாள். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவில் எல்லோருக்கும் விரதம் சொல்லிக்கொடுத்தவளை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று எனக்குள் எரிந்தது.

அதற்குப் பிந்திய கதை கொஞ்சம்தான். மாத்திரையை எடுத்தவுடனே நிறுத்தக் கூடாது என்று பல மாதங்கள் கொடுத்துக் கொடுத்துக் குறைத்தார்கள். வீக்கம் திரும்பி வந்தது, முறையான வைத்தியம் பார்த்தேன். விரல்கள் கொஞ்சம் கோணிக்கொண்டன. கண்டக்டர் வேலை போய், அதே கம்பெனியில் டைம் கீப்பராக உட்கார வைத்தார்கள். மருந்துக்கார அண்ணாச்சி குளத்தூரில் அப்புறம் ஏறவேயில்லை. கோமதி கழுகுமலைக்குப் போவதை நிறுத்தவில்லை. எனக்கு விபூதி பூசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

இதை எழுதுவது மருந்தைப் பற்றி எச்சரிக்க மட்டும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் அந்தத் தாள் வந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டரே கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று, பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். எனக்குத் தலையிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி தாளைத் தூக்கிக் காட்டினேன்.

“கேட்டியா கோமதி? ஒனக்கும் ஒண்ணும் இல்லயாம்!”

அவள் என் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கு உண்டா இல்லையான்னுதான் தெரியாது. நாலு நாளா தெரியாது.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நான் தாளைக் கீழே போட்டுவிட்டேன். என்னைப் பற்றி எதுவும் தெரியாமலேதான் அந்த நாலு நாளும் அவள் எனக்குக் கஞ்சி ஊட்டினாள், நான் மிச்சம் வைத்ததை அதே கிண்ணத்தில் குடித்தாள்.